ஃபைவ் ஸ்டார் என்றால் எதற்கு ஃபைவ்? டெல்டாவில் கார் வாங்குவோர் மோதல் பாதுகாப்பு மதிப்பெண்ணைப் படிக்கும் வழி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் என எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும் மைலேஜ் பேச்சு முடிந்ததும் "ஃபைவ் ஸ்டார் சேஃப்டி சார்" என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அந்த ஐந்து எந்தச் சோதனையில் வாங்கியது, எந்த ஆண்டில், எந்த வேரியண்டுக்கு, பெரியவர்களுக்கா குழந்தைகளுக்கா என்று தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டால், விளம்பரத்தில் பார்த்த வண்டி ஒன்று, வீட்டு வாசலில் வந்து நிற்கும் வண்டி வேறொன்று என்று ஆகிவிடும். முதல் முறையாகக் கார் வாங்குகிறவர்கள் புக்கிங் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும், இதையெல்லாம் சரிபார்த்துவிடலாம்.

முதலில் பகுதி எண்ணைப் பாருங்கள்

இந்தியக் கார்களுக்கு இன்று மூன்று வகை நட்சத்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல. பிரித்தறிய எளிய வழி, மதிப்பெண்ணில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்.

பெரியவர்களுக்கான மதிப்பெண் 17-க்கு இவ்வளவு என்று போட்டிருந்தால், அது 2022 ஜூலைக்கு முந்தைய குளோபல் என்கேப் சோதனை. 2014-இல் இந்தியக் கார்களை மோதிப் பார்க்கத் தொடங்கிய அமைப்பு இது. என்கேப் என்பது 'புதுக் கார் மதிப்பீட்டுத் திட்டம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அந்த 17-இல் 16 மதிப்பெண் நேர் மோதலுக்கும் 1 மதிப்பெண் சீட் பெல்ட் எச்சரிக்கைக்கும் போனது. கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையோ, வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி கட்டாயமோ அப்போது கிடையாது. இந்தியாவில் முதல் ஐந்து நட்சத்திரத்தை டாடா நெக்ஸான் 2018 டிசம்பரில் வாங்கியது இந்தக் கணக்கில்தான். விதி கடுமையான பிறகு 2024-இல் அதே வண்டி மறுபடி சோதனைக்கு வந்து ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எல்லா மாடல்களும் அப்படித் திரும்பி வரவில்லை. ஆகவே 17-க்கு வாங்கிய நட்சத்திரத்தை இன்றைய நட்சத்திரத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது.

34-க்கு என்றால் 2022 ஜூலைக்குப் பிந்தைய குளோபல் என்கேப். 32-க்கு என்றால் நம் அரசின் பாரத் என்கேப். இது 2023 ஆகஸ்ட் 22 அன்று அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏஐஎஸ்-197 என்ற தரநிலைப்படி நடக்கிறது. புனேயில் உள்ள மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இதை நிர்வகிக்கிறது. முதலில் முடிவு வந்த வண்டிகள் டாடா ஹேரியரும் சஃபாரியும், 2023 டிசம்பரில்.

பாரத் என்கேப் கட்டாயம் அல்ல. எந்த மாடலை அனுப்புவது என்பது கார் கம்பெனியின் விருப்பம். "இந்த மாடலுக்கு ரேட்டிங் இல்லை" என்றால் அது தோற்ற வண்டி என்று பொருளில்லை. அளக்கப்படாத வண்டி, அவ்வளவுதான். அதற்காக "கவர்ன்மெண்ட் அப்ரூவ்டு சார்" என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடவும் வேண்டாம். விற்பனைக்கு வரும் எந்தக் காரும் ஏஐஎஸ்-098 விதிப்படி மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நேர் மோதலையும், ஏஐஎஸ்-099 விதிப்படி பக்க மோதலையும் தாண்டியே ஆகவேண்டும். அது பாஸ் மார்க். பாரத் என்கேப் நேர் மோதல் நடப்பது 64 கி.மீ. வேகத்தில். 8 கி.மீ. தானே என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வண்டி தாங்கவேண்டிய அடி சுமார் 30 சதவீதம் அதிகம்.

மோதும்போது நடப்பது என்ன

இந்தச் சோதனைகள் டெல்டா சாலைகளில் எந்த விபத்தை ஒத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால், அறிக்கை படிப்பது எளிதாகிவிடும்.

நேர் மோதலில் காரின் முன்முகம் முழுவதும் மோதாது. ஓட்டுநர் பக்கத்து 40 சதவீதம் மட்டும், நொறுங்கக்கூடிய அலுமினியத் தடுப்பில் போய் மோதும். இருவழிச் சாலையில் பஸ்ஸை முந்தப் போய், எதிரே வந்த காருடன் பாதி முகம் மோதிக்கொள்வது இதேதான். கும்பகோணம்–மயிலாடுதுறை, மன்னார்குடி–திருத்துறைப்பூண்டி போல நடுவில் தடுப்பில்லாத சாலைகளில் ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய மதிப்பெண் இது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். 60-இல் வரும் இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதினால் 120-இல் சுவரில் மோதியதற்குச் சமம் என்பார்கள். இரண்டும் ஒரே எடையாக இருந்தால் அப்படியில்லை. ஒவ்வொரு காருக்கும் அது 60-இல் சுவரில் மோதியதற்குத்தான் சமம். தடுப்புச் சோதனை காட்டுவதும் ஏறக்குறைய தன் எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதைத்தான். எதிரே வருவது நெல் மூட்டை ஏற்றிய லாரியானால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். அதனால்தான் 900 கிலோ ஹேட்ச்பேக்கின் ஐந்து நட்சத்திரத்தையும் 1,600 கிலோ எஸ்யூவியின் ஐந்து நட்சத்திரத்தையும் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பிடுவதானால் ஒரே எடை வகுப்புக்குள் ஒப்பிடுங்கள்.

பக்க மோதலில் 950 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி 50 கி.மீ. வேகத்தில் கதவில் வந்து மோதும். வாய்க்கால் பாலம் தாண்டி வரும் சந்திப்பில் குறுக்கே வரும் வண்டி அடிப்பது இது.

மூன்றாவது கம்பச் சோதனை. 254 மில்லிமீட்டர் விட்டமுள்ள அசையாத இரும்புக் கம்பத்தில் கார் 29 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டாகப் போய் மோதும். சாலையோரப் புளியமரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 29 கி.மீ. குறைவு என்று தோன்றும். ஆனால் அடி முழுவதும் கையகல இடத்தில், ஓட்டுநரின் தலைக்கு நேரே விழுகிறது. கதவுக்கும் தலைக்கும் நடுவே நொறுங்குவதற்கு வேறெதுவும் இல்லை. கூரை ஓரத்திலிருந்து திரைபோல இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் ஒன்றுதான் அங்கே தலையைக் காக்கும்.

வண்டி பார்க்கப் போகும் பெரியவர்கள் பானட்டைத் தட்டிப் பார்த்து "தகரமா இருக்கே" என்று முகம் சுளிப்பது வழக்கம். முன்பகுதி நொறுங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மரத்திலிருந்து விழும் தேங்காயின் அடியை மட்டை வாங்கிக்கொண்டு ஓட்டைக் காப்பாற்றுவதுபோல, முன்பகுதி மடங்கி அடியைத் தின்றுவிட்டு உட்காரும் அறையைக் காப்பாற்றவேண்டும். ஆகவே தட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. சோதனைப் படத்தில் முன்பக்கக் கண்ணாடித் தூண் மடங்கியிருக்கிறதா, கதவு வாயில் கோணியிருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் தெரியும்.

அறிக்கையை எடுத்துப் படிக்கும் முறை

விளம்பரத் தாளை நம்பாமல் நேராக பாரத் என்கேப் இணையதளத்துக்குப் போய் அந்த மாடலின் முடிவைத் திறங்கள். ஷோரூம் வண்டியில் பாரத் என்கேப் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதிலுள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தாலும் போதும். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. சோதனைத் தேதியும் சோதித்த வேரியண்டும். நீங்கள் வாங்கப்போவது பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா, மின்சாரமா? அந்த ரேட்டிங் எந்தெந்த வேரியண்டுகளுக்குப் பொருந்தும் என்ற பட்டியலில் உங்களுடையது இருக்கவேண்டும். தலைமுறை மாறிப் புதிதாக வந்த மாடல் பழைய பெயரையே வைத்திருந்தாலும் பழைய நட்சத்திரம் அதற்குச் சேராது.

2. நட்சத்திரத்தைத் தாண்டி மதிப்பெண். பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 27 எடுத்தால் ஐந்து, 22 எடுத்தால் நான்கு, 16 எடுத்தால் மூன்று நட்சத்திரம். 27.1 எடுத்த வண்டியும் 31 எடுத்த வண்டியும் விளம்பரத்தில் ஒன்றுபோலத்தான் நிற்கும்.

3. 32 எப்படிப் பிரிந்திருக்கிறது? நேர் மோதலுக்கு 16, பக்க மோதலுக்கு 16. பக்கத்தில் அள்ளிக்கொண்டு நேரில் கோட்டைவிட்ட வண்டியா என்று பாருங்கள். இருவழிச் சாலையில் ஓட்டுகிறவருக்கு நேர் மோதல் மதிப்பெண்ணே பெரிது.

4. மனித உருவப் படத்தில் நிறங்கள். பச்சை நன்று, மஞ்சள் போதுமானது, ஆரஞ்சு சுமார், பழுப்பு பலவீனம், சிவப்பு மோசம். தலையும் கழுத்தும் பச்சையாக இருந்து மார்பு மஞ்சளாக இருப்பது பல வண்டிகளில் உண்டு. மார்பிலோ தொடையிலோ பழுப்போ சிவப்போ கண்டால், நட்சத்திரம் எத்தனையானாலும் நின்று யோசியுங்கள்.

5. குழந்தைகள் மதிப்பெண், தனியாக. இது 49-க்கு. 41 எடுத்தால் ஐந்து, 35 எடுத்தால் நான்கு, 27 எடுத்தால் மூன்று.

இதெல்லாம் ஏன் என்பதற்கு மாருதி பலேனோவின் 2025 பாரத் என்கேப் முடிவு ஒன்றே போதும். ஆறு ஏர்பேக் வேரியண்ட் 32-க்கு 26.52, இரண்டு ஏர்பேக் வேரியண்ட் 24.04. இரண்டுக்கும் பெரியவர்கள் பிரிவில் நான்கு நட்சத்திரம். குழந்தைகள் பிரிவில் 49-க்கு 34.81, நான்குக்கு 35 வேண்டும் என்பதால் மூன்று நட்சத்திரம். "ஃபோர் ஸ்டார் கார்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபாடு பாருங்கள். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. இப்போதைய விதியில் கர்ட்டன் ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நட்சத்திர எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் புளியமரத்துக்கு எதிரான காப்பும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏர்பேக் எத்தனை, எங்கெங்கே என்று தனியாகக் கேட்டே ஆகவேண்டும்.

அறிக்கை சொல்லாதவை

பெரியவர்கள் மதிப்பெண் முன்னிருக்கையில் உட்கார்ந்த இருவருக்கானது. சோதனையில் பின்னிருக்கையில் வைக்கும் மனித உருவப் பொம்மைகள் 18 மாதக் குழந்தையும் 3 வயதுக் குழந்தையும். பின்னால் உட்காரும் அப்பத்தாவுக்கோ தாத்தாவுக்கோ என்ன ஆகும் என்பது அந்த 32-இல் இல்லை. பல மாடல்களில் மோதிய நொடியில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனர் முன்னிருக்கைகளுக்கு மட்டும்தான் உண்டு. குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பின்னால் மூன்று பேரை ஏற்றிப்போகும் குடும்பம், பின் நடு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா, தலைச்சாய்வு உண்டா என்று உட்கார்ந்து பார்த்தே வாங்கவேண்டும். பின்னிருக்கைக்காரர்கள் பெல்ட் போடாவிட்டால் அவர்கள் உடம்பே முன்னிருக்கையை நசுக்கும். அப்போது முன்னால் இருப்பவரின் ஐந்து நட்சத்திரமும் செல்லாது. மொத்த மதிப்பீடும் பெல்ட் போட்ட உடம்புக்குத்தான்.

அடுத்தது டிரெய்லர். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது பின்விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டியபிறகும் சாலையில் போய்க்கொண்டிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வெளியே லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதன் பின்னால் கார் போய் மோதினால் பம்பரும் பானட்டும் டிரெய்லரின் தளத்துக்கு அடியில் நுழைந்துவிடும். முதல் அடி வாங்குவது முன் கண்ணாடி. நொறுங்கவேண்டிய பகுதி நொறுங்குவதற்கே வாய்ப்பில்லை. எந்த நட்சத்திரமும் இதை அளப்பதில்லை. இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும் நல்ல முகப்பு விளக்கும்தான். 64-இல் சோதித்த வண்டியை 80-இல் ஓட்டினால் அடி ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டிக் கரைச் சாலைகளில் அடிக்கடி போகிறவர்கள் கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். டிக்கியில் வைத்தால் பயனில்லை. வண்டி தண்ணீருக்குள் போனால் பெல்ட்டைக் கழற்றி, உடனே ஜன்னலை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள்; கதவைத் தள்ளி நேரத்தை வீணாக்காதீர்கள், வெளிநீரின் அழுத்தம் விடாது. சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்கவேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே படலம் ஒட்டியது. விரிசல் விடுமே தவிர உடைந்து விழாது.

குழந்தை இருக்கை

49 மதிப்பெண்ணில் 24 மோதல் சோதனைக்கு, 12 குழந்தை இருக்கைகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு, 13 வண்டியில் உள்ள வசதிகளுக்கு. மோதல் சோதனையில் பொம்மைக் குழந்தை யார் மடியிலும் உட்காரவில்லை, கட்டிய குழந்தை இருக்கையில் உட்கார்ந்திருந்தது. அந்த இருக்கையை வாங்காத வீட்டுக்குக் குழந்தைகள் பிரிவின் நட்சத்திரங்கள் எந்த விதத்திலும் பொருந்தாது.

மடியில் வைத்தால் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். 50 கி.மீ. வேகத்திலிருந்து மோதி நிற்கும்போது உடம்பு தன் எடையைப்போல் 15, 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 10 கிலோ குழந்தையைப் பிடிக்க 200 கிலோவைத் தூக்கும் கை வேண்டும். முன்னிருக்கையில் மடியில் வைத்தால் இன்னும் கொடுமை: விரியும் ஏர்பேக் முதலில் குழந்தையைத்தான் அடிக்கும். சட்டமும் இதைச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 14 வயதுக்குக் கீழான குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப்போனால் ரூ.1,000 அபராதம்.

வண்டியில் சரிபார்க்கவேண்டியது ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை இருக்கையைக் கொக்கி போட்டு மாட்டும் இணைப்பு. பின்னிருக்கையின் உட்காரும் பகுதியும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரல்களை நுழைத்துத் தடவுங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில், விரலைவிட மெல்லிய இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படவேண்டும். இரண்டு ஓர இருக்கைகளிலும் இருக்கிறதா? சாய்மானத்தின் பின்புறம் மேல் வாரைக் கொக்கி மாட்டும் வளையமும் உண்டா? ஏழு இருக்கை வண்டிகளில் மூன்றாம் வரிசையில் இவை பெரும்பாலும் இருக்காது. குழந்தையை அங்கே உட்கார வைக்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

குழந்தை இருக்கை வாங்கும்போது ஆர்129 என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதியின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதிப்படி 15 மாதம் ஆகும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்காரவேண்டும், ஏனென்றால் கழுத்து தலையைத் தாங்காது. பொருத்தும்போது இரண்டு கொக்கிகளும் 'டக்'கென்று விழுந்து பச்சைக் குறி தெரியவேண்டும்; பிறகு இருக்கையைப் பிடித்துப் பலமாக இழுத்து ஆட்டிப் பாருங்கள். குழந்தையைக் கட்டியபின் தோள்பட்டை வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் தளர்வு என்று பொருள்.

ஷோரூமில்

கொட்டேஷன் வாங்கும்போதே கேட்கவேண்டியவை சில. "தம்பி, பாரத் என்கேப் அறிக்கையில இந்த வேரியண்ட் பேர் எங்க இருக்கு, காட்டுங்க." "ஈஎஸ்சி பேஸ் மாடல்லயே வருதா?" "ஏர்பேக் எத்தனை, கர்ட்டன் உண்டா?" பதிலை வாய்ச்சொல்லாக வாங்காமல், வேரியண்டின் முழுப் பெயரையும் தயாரிப்பு மாதம், ஆண்டையும் புக்கிங் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தயாரிப்பு ஆண்டு மாறும் டிசம்பர், ஜனவரியில் வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஈஎஸ்சி, முன்னிருக்கைகளுக்கு பெல்ட் எச்சரிக்கை, பாதசாரிகளுக்கான அடிப்படை விதி ஆகியவை இல்லாமல் பாரத் என்கேப்பில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ கிடைக்காது. ஆகவே நல்ல ரேட்டிங் உள்ள வண்டியில் ஈஎஸ்சி இருக்கும். ரேட்டிங் இல்லாத வண்டியானால் கட்டாயம் கேளுங்கள். காயப்போட்ட நெல்மீதும், நனைந்து கிடக்கும் வைக்கோல்மீதும் திடீரென்று ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் சுழலும். தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போட்டு அதை நேராக்குவது ஈஎஸ்சி. பணம் இழுபறி என்றால் சன்ரூஃபையும் பெரிய திரையையும் விட்டுக்கொடுங்கள். ஆறு ஏர்பேக்கையும் ஈஎஸ்சியையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டெலிவரி அன்று மாலை போட்டுப் படம் எடுப்பதற்கு முன் சாவியைத் திருப்பி மீட்டரைப் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்சி விளக்குகள் எரிந்து, சில வினாடிகளில் அணையவேண்டும். எரிந்தபடியே இருந்தாலும் தவறு, எரியவே இல்லை என்றாலும் தவறு. ஒவ்வொரு இருக்கையிலும் ஒருவரை உட்காரவைத்து, பெல்ட் போடாமல் எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கிய மறுநாள் செய்யக் கூடாதவை

நட்சத்திரத்தைக் கெடுப்பது பல நேரம் ஆக்சஸரீஸ் கடைதான். முன்னிருக்கைச் சாய்மானத்தின் வெளி ஓரத்தில் 'ஏர்பேக்' என்று சிறு துணிப் பட்டை தைத்திருந்தால், பக்க ஏர்பேக் அங்கிருந்து கிழித்துக்கொண்டு வரும். இறுக்கமான ரெக்சின் கவரை மேலே போட்டுத் தைத்துவிட்டால் அது நேரத்துக்கு வராது. கவர் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் திறந்திருக்கும் வகையை வாங்குங்கள்.

பிள்ளையார் வைக்கும் இடம். டேஷ்போர்டின் இடது பக்கம், கையுறைப் பெட்டிக்கு மேலே, 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று எழுத்துகள் புடைத்திருக்கும். அந்த மூடி ஏர்பேக் விரியும்போது நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் திறந்துவிடும். அதன்மேல் ஒட்டிய பித்தளைச் சிலை நேரே பக்கத்து இருக்கைக்காரர் முகத்துக்கு வரும். சாமியை நடுவில், திரைக்குக் கீழே, மெல்லிய படமாக வையுங்கள். கூரைத் தூண்களில் எதையும் திருகவோ ஒட்டவோ வேண்டாம். கர்ட்டன் இறங்கும் வழி அது.

முன்னால் இரும்பு புல் பார் வேண்டவே வேண்டாம். மடங்கவேண்டிய பகுதிக்கு முன்னால் மடங்காத குழாயைக் கட்டினால் அடி நேராகச் சட்டகத்துக்கும் அறைக்கும் போகும். ஏர்பேக்குக்கு மோதலைச் சொல்லும் உணரியின் கணக்கும் தப்பும். சாலையில் நடப்பவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் அது கொலைக்கருவி. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. பெல்ட் எச்சரிக்கையை ஊமையாக்கும் கிளிப்பும் அப்படியே. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அதை நீக்க உத்தரவிட்டது. யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

2027 வரை காத்திருக்கலாமா?

விதி கடுமையாகப் போகிறது என்பது உண்மை. 2025 நவம்பரில் வெளியான வரைவின்படி இப்போதைய முறை 2027 செப்டம்பரோடு முடிந்து, அக்டோபரிலிருந்து புதியது வரும். மொத்தம் 100 மதிப்பெண்: மோதல் பாதுகாப்புக்கு 55, நடப்போர் மற்றும் இருசக்கர வண்டியினர் பாதுகாப்புக்கு 20, பாதுகாப்பாக ஓட்ட உதவுவதற்கு 10, விபத்தைத் தவிர்ப்பதற்கு 10, விபத்துக்குப் பிந்தைய பாதுகாப்புக்கு 5. மோதல் சோதனை மூன்று ஐந்தாகிறது. முழு முன்முகமும் 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவதும், பின்னாலிருந்து 50 கி.மீ. மோதலும் புதிதாகச் சேருகின்றன. கம்பச் சோதனை சாய்கோணத்தில் 32 கி.மீ. ஆகிறது. ரேட்டிங் வேண்டுமானால் ஈஎஸ்சியும் கர்ட்டன் ஏர்பேக்கும் இருந்தே ஆகவேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகள் 70, 2029-க்குப் பிறகு 80. வரைவு என்பதால் இறுதி வடிவில் மாற்றம் வரலாம்.

சைக்கிளும் மொபெட்டும் நடப்பவர்களும் சாலையைப் பங்குபோடும் டெல்டாவுக்கு அந்த 20 மதிப்பெண் நியாயமாக ரொம்ப முன்னாலேயே வந்திருக்கவேண்டும். ஆனால் இப்போது குடும்பம் பைக்கில் மூன்று பேராகப் போய்க்கொண்டிருந்தால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2027-இல் ரேட்டிங்குக்குக் கட்டாயமாகப் போவதில் உயிர் காப்பவை கர்ட்டன் ஏர்பேக்கும் ஈஎஸ்சியும். அவை இன்றே பல வண்டிகளில் கிடைக்கின்றன. அவை இருக்கும், பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் நல்ல மதிப்பெண் எடுத்த வண்டியை இப்போதே எடுக்கலாம். ஆண்டு திரும்பியதும் மாற்றிவிடும் எண்ணம் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டப்போகிறவர், அவசரமும் இல்லாதவர் என்றால் மட்டும் காத்திருப்பதில் பொருளுண்டு.

பழைய கார் எடுப்பவர்களுக்கு

நட்சத்திரம் வாங்கியது புது வண்டி. ஒருமுறை மோதி, ஏர்பேக் விரிந்து, மறுபடி போடாமல் மூடி மட்டும் ஒட்டி விற்ற வண்டிக்கு அது கிடையாது. சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங் நடுமூடி, டேஷ்போர்டு மூடி இவற்றின் நிறமும் சொரசொரப்பும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி நம் பக்கம் வந்து சேர்வது உண்டு. 2018 கஜா புயலில் நனைந்தவை இங்கேயே இருந்தவை. சென்னையில் 2015-லும் 2023-லும் மூழ்கியவை ஊர் ஊராகப் போயின. மேலே பாலிஷ் போட்டுவிடலாம், சீட் பெல்ட்டுக்குப் பாலிஷ் போட முடியாது. ஒவ்வொரு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்து வெளியே எடுங்கள். அடியில் சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்பு நீர்க்கோடோ காய்ந்த வண்டல் துகளோ இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. முன்னிருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருக்கும், ஏர்பேக்குக்கும் ப்ரீடென்ஷனருக்கும் போகும் கம்பிகள் அவை. அவற்றைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள், கண்ணால் மட்டும் பாருங்கள்: பச்சைக் களிம்போ துருவோ ஏறியிருந்தால், அல்லது ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.